எட்டு மணிக்கு எடுக்க வேண்டிய ரத்தம்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

28 ஆண்டுகள் வேலூரில் தனியார் ஆய்வகங்களில் ரத்தம் எடுத்தவள் நான். ஓய்வுபெற்று இப்போது காட்பாடியில் இருக்கிறேன். கையில் ரப்பரைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து ஊசி போடும் அந்த ஒரு நிமிஷத்தில் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் எங்களிடம் மனம் விட்டுப் பேசுவார்கள். "படபடன்னு வருதும்மா. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் பயமா இருக்குது. காலைல எய்ந்திரிக்கும்போதே ஒடம்பு அடிச்சிப் போட்ட மாதிரி இருக்குது." டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்பேன். "சொன்னேன். தீட்டு நிக்கிற வயசு, அப்பிடித்தான் இருக்கும்னுட்டாரு."

பல பெண்களுக்கு அது சரியான பதில்தான். ஆனால் நாலு கேள்வி கேட்டு, தொட்டுப் பார்த்து, தேவையான சோதனை செய்த பிறகு வர வேண்டிய பதில் அது. நம் பக்கத்தில் நோயாளி நாற்காலியில் உட்காரும் முன்பே அது வந்துவிடுகிறது. என் அக்காவுக்கு அப்படித்தான் வந்தது. கார்டிசால் என்ற ஹார்மோனையும் அதற்கு ரத்தம் எடுக்கும் நேரத்தையும் பற்றி இந்த மடலை எழுத அதுதான் காரணம்.

அக்கா வாழ்க்கைப்பட்டது குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில். போன நாளிலிருந்து பீடி சுற்றுகிறாள். முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் ஆயிரம் பீடி. தூள் நெடியோ பரம்பரையோ, நாற்பதைத் தாண்டியதும் இளைப்பு பிடித்தது. மெடிக்கலில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். போட்ட அரை நாளில் மூச்சு இறங்கியது. முட்டிவலியும் கூடவே போயிற்று, நன்றாகப் பசி எடுத்தது. அதைவிட நல்ல மாத்திரை அவளுக்கு வேறு எது? டாக்டர் சீட்டு இல்லாமலே, பழைய அட்டையைக் காட்டிப் புது அட்டை வாங்கி ஆறு வருஷம் சாப்பிட்டாள்.

அது ஸ்டீராய்டு. டாக்டர்களுக்கு நான் பாடம் நடத்தவில்லை. இந்த மடலைப் படிக்கும் பெண்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள்தான் கார்டிசாலைச் சுரக்கின்றன. காய்ச்சல், காயம், பட்டினி, பதற்றம் எது வந்தாலும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் விழாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான். அதே வேலையைச் செய்யும் ஸ்டீராய்டு மருந்து வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டே இருந்தால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். உத்தரவு வராத சுரப்பி சுருங்கிப் படுத்துவிடும். பிறகு மாத்திரையை ஒரே நாளில் விட்டால், படுத்தது எழுந்திருக்க வாரக்கணக்கிலும் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகிறது.

அக்காவுக்கு 48 வயதில் மாதவிடாய் நின்றது. முகம் உப்பி வட்டமாகிவிட்டிருந்தது. "அந்த மாத்திரையாலதான் ஊதிப் போயிட்டே, வுட்டுடு" என்று ஓரகத்தி சொன்னாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். இவளும் அன்றைக்கே விட்டாள்.

சில வாரங்களில் ஆரம்பித்தது. எழுந்தால் கண் இருட்டும். சோறு இறங்காது. காரணமில்லாத பயம், கை நடுக்கம். ஆயிரம் பீடி முந்நூறானது. வீட்டில் இருந்தவர்கள் சோம்பல் என்றார்கள். மூன்று இடத்தில் காட்டினார்கள். ஒருவர் சத்து ஊசி போட்டார். ஒருவர் குளுக்கோஸ் ஏற்றினார். ஒருவர் படபடப்புக்கு ராத்திரியில் போடச் சொல்லி மாத்திரை எழுதினார். மூவரும் சொன்னது ஒன்றே: வயசு. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டாயா, எதையாவது சாப்பிட்டு நிறுத்தினாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் பெயரையும் சொல்ல நான் வரவில்லை, ஏனென்றால் நானும் கேட்கவில்லை. போனில் அழுதவளிடம், "எனக்கும் இப்பிடித்தாங்க்கா இருந்துச்சு, ரெண்டு வருஷத்துல சரியாப் போயிடும்" என்றேன். கார்டிசால் என்று எழுதிய ட்யூபுகளில் தினமும் பெயர் ஒட்டிய கை என் கை. அன்றைக்குச் சொன்ன அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

கத்திரி வெயிலில் ஒருநாள் வாந்தியும் பேதியும். மத்தியானத்துக்குள் பேச்சு குழறிவிட்டது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்த அழுத்தம் 80-க்கு 50. பணியில் இருந்தது சின்ன வயசு டாக்டர் அம்மா. ஒரு பக்கம் சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, குனிந்து அக்காவின் காதோரம் கேட்டார்: "அம்மா, இளைப்புக்கோ மூட்டுவலிக்கோ ரொம்ப நாளா ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?" அக்காவுக்கு வாய் வரவில்லை. இடுப்பைக் காட்டினாள். சுருக்குப்பையை அவிழ்த்தேன். வெற்றிலைக் காம்பும் சில்லறையும் ஒரு மாத்திரை அட்டையும் இருந்தன. அட்டையின் வெள்ளிக் காகிதம் தேய்ந்து எழுத்து பாதிதான் தெரிந்தது. இரண்டு மாத்திரை மிச்சம். டாக்டர் அம்மா அதை ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். ரத்தம் எடுத்த கையோடு ஹைட்ரோகார்டிசோன், அதாவது கார்டிசாலையே மருந்தாக, 100 மில்லிகிராம் ஊசி போட்டார். ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த நிலையில் காத்திருக்கவும் கூடாது.

சாயங்காலம் அக்கா கண் விழித்துக் காபி கேட்டாள். மறுநாள் ரிப்போர்ட் வந்தது: கார்டிசால் 1.6 (டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்). உயிருக்குப் போராடும் உடம்பில் அது 20-ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்க வேண்டும்.

இதைப் படித்ததும் "அப்படியானால் மாதவிடாய் நிற்கும் வயதில் எல்லாப் பெண்களுக்கும் கார்டிசால் பார்த்துவிடலாமே" என்று தோன்றும். அங்கேதான் எனக்கு இரண்டாவது வருத்தம். பரிசோதனை நிலையத்தாரே, இது உங்களுக்கு.

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி. வயது 50. மகள் கல்யாணக் கடன், தூக்கமின்மை, படபடப்பு. ஒரு கல்யாண மண்டபத்தில் "பெண்களுக்கான ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பேக்கேஜ்" என்று முகாம் போட்டார்கள். இவர் வேலை முடித்து நாலு மணிக்குப் போனார். ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் கார்டிசால் 4.2, பக்கத்தில் தடித்த எழுத்தில் "குறைவு". அட்ரினல் சுரப்பி களைத்துப்போய்விட்டது என்று சொல்லி, ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் பொடியும் மாத்திரையும் விற்று அனுப்பினார்கள். அவர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "சுரப்பி செத்துப்போச்சாமே" என்றார்.

நான் ரிப்போர்ட்டின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். ரத்தம் எடுத்த நேரம் 4.10 என்று இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அச்சடித்திருந்தது காலை அளவு.

உங்களுக்குத் தெரியாததா? கார்டிசால் பொழுதோடு ஏறி இறங்கும் ஹார்மோன். ராத்திரி தூங்கிக் காலையில் எழுபவர்களுக்கு விடியும் நேரத்தில் உச்சியில் இருக்கும், சாயங்காலம் பாதிக்கும் கீழே போய்விடும், நடுராத்திரி தரையைத் தொடும். காலை 8 மணிக்கு 4.2 வந்தால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மாலை 4 மணிக்கு 4.2 என்பது நல்ல உடம்பு. அந்தப் பெண்மணிக்கு இருந்தது கடன் கவலை. நீங்கள் அதன்மேல் ஒரு நோயையும் ஏற்றி அனுப்பினீர்கள். பயத்துக்கு மருந்து தேடி வந்தவர் இரண்டு பங்கு பயத்தோடு வீட்டுக்குப் போனார்.

"அட்ரினல் களைப்பு" என்ற பெயரை ஹார்மோன் மருத்துவர்களின் சங்கங்கள் நோயாக ஏற்கவில்லை. பிரேசில் ஆய்வாளர்கள் இருவர் அதுவரை வந்திருந்த 58 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படி ஒன்று இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2016-ல் எழுதினார்கள். கவலையும் தூக்கமின்மையும் கார்டிசாலை அசைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, மாதவிடாய் நிற்கப் போகும் கடைசிக் கட்டத்தில் சிலருக்குச் சிறுநீரில் கார்டிசால் கூடியதைக் கண்டார்கள். அதற்காக, ஒருநாள் எடுத்த ஒரு எண்ணை வைத்து இவருக்கு இந்த மருந்து என்று முடிவு செய்ய முடியாது. கவலைக்கு அளவுகோல் ரத்தத்தில் இல்லை. கார்டிசால் சோதனை இருப்பது வேறு இரண்டு ஆபத்துகளைப் பிடிக்க: சுரப்பு வற்றிப்போவது ஒன்று, கட்டியினால் அளவுக்கு மீறிச் சுரப்பது இன்னொன்று.

வற்றியதை வெள்ளை மாத்திரைக் கதை காட்டுகிறது. மாத்திரை மட்டுமல்ல, மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் நாட்டு மருந்து என்று விற்கும் சில பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. மூட்டுக்குள் திரும்பத் திரும்பப் போடும் ஊசி, தேமலுக்கும் முகம் வெளுக்கவும் வருஷக்கணக்கில் தடவும் களிம்பு, இவையும் கணக்கில் வரும். காசநோய் அட்ரினலையே தின்றுவிடுவதும் உண்டு. அப்போது உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுக்கும், உப்பு உப்பாகத் தின்னத் தோன்றும், உடம்பு இளைக்கும். லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-லேயே இதை எழுதி வைத்தார். காசநோய் இன்னும் போகாத ஊர் நம்முடையது. வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்க்க அரை நிமிஷம் போதும்.

மீறிச் சுரப்பதையும் வயசுக் கோளாறு என்று சொல்லித்தான் தள்ளுகிறோம். வயிறு மட்டும் பெருத்துக் கை கால் மெலிவது, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், சும்மா இடித்தாலே கன்றிப்போவது, புதிதாகச் சர்க்கரையும் பிரஷரும் வருவது. இன்னொன்றை நான் கவனித்திருக்கிறேன்: குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. இப்படிப்பட்டவருக்குச் சாதாரணக் காலை ரத்தம் போதாது. ராத்திரி 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 1 மில்லிகிராம் கொடுத்து, மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்தால், நல்ல உடம்பில் கார்டிசால் 1.8-க்குக் கீழே அடங்கும். அடங்காவிட்டால் மேலே தேட வேண்டும்.

சோதனை எழுதுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னும் சில உண்டு. உடம்பில் திடீரென்று சூடு ஏறுவதைத் தணிக்க ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாரா? வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டிவிடும், எண் பொய்யாக ஏறி நிற்கும். உண்மையில் குறைவாக இருப்பவருக்கும் "நார்மல்" என்று வந்துவிடலாம். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை போடுகிறாரா? பல ஆய்வகக் கருவிகளில் அது தைராய்டு அளவையும் கார்டிசால் அளவையும் புரட்டிவிடும். இப்போதும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தால், சில கருவிகள் அதையே கார்டிசால் என்று எண்ணிவிடும். ராத்திரி ஷிப்டா? அப்படியானால் 8 மணிக் கணக்கே மாறிப்போகும். ஆய்வகத்தில் இருந்தவரை இவற்றையெல்லாம் படிவத்தில் எழுத இடம் கேட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை.

எல்லாப் பெண்களுக்கும் முதலில் பார்க்க வேண்டியவை இதைவிடச் சாதாரணமானவை. என் கதையைச் சொல்கிறேன். 47 வயதில் எனக்கு மாதவிடாய் தாறுமாறாகி, வந்தால் பத்து நாள் நிற்காமல் போனது. ஊசி பிடித்த கை நடுங்கியது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அதுவே பயமாக மாறும். ஒரு நாள் என் ரத்தத்தை நானே கருவியில் வைத்தேன். ஹீமோகுளோபின் 8.9. நாலு மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன், உதிரப்போக்குக்கும் வைத்தியம் செய்துகொண்டேன், பயம் பாதிக்கு மேல் இறங்கியது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தச்சோகை என்று தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்லும்போது, அந்த வயதுப் பெண் களைப்பு என்று வந்தால் ஹீமோகுளோபின் பார்க்காமல் அனுப்புவது எப்படி நியாயமாகும்? அதோடு தைராய்டு, சர்க்கரை, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம். 45-ஐத் தாண்டியவருக்கு மாதவிடாய் நிற்கும் காலம் இது என்று உறுதி செய்ய எப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் சோதனையே தேவையில்லை என்று இங்கிலாந்து நாட்டு வழிகாட்டி 2015-லிருந்து சொல்கிறது. அந்தப் பணத்தை இவற்றுக்குச் செலவழிக்கலாம்.

சோதனை செய்கிறோம் என்று சொல்லி மனசுக்கான வைத்தியத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. எல்லா ரிப்போர்ட்டும் சரியாக வந்த பிறகும் படபடப்பும் தூக்கமின்மையும் இருக்கும் பெண்கள்தான் அதிகம். அவர்கள் நடிக்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் இறங்குவதே மனசையும் தூக்கத்தையும் ஆட்டுகிறது. பேச்சு வழியான சிகிச்சை, தேவைப்பட்டவருக்கு மாத்திரை, பொருத்தமானவருக்கு ஹார்மோன், எல்லாம் இருக்கிறது. சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பதை உங்கள் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இனி நான் கேட்பது. முதல் வேண்டுகோள், அந்த ஒரு கேள்வி. "ரொம்ப நாளா ஏதாவது மாத்திரை, பொடி, ஊசி, களிம்பு எடுத்தீங்களா? எப்ப நிறுத்துனீங்க?" இதை நோயாளி உள்ளே வரும் முன்பே செவிலியர் கேட்டுச் சீட்டில் எழுதிவிடலாம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வீடு பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வரும் தன்னார்வலப் பெண்கள், வாசலில் உட்கார்ந்தபடியே இதையும் கேட்கலாம். ஸ்டீராய்டு என்று கேட்டால் யாருக்கும் புரியாது. மாத்திரை அட்டையை எடுத்து வரச் சொல்லுங்கள். சுருக்குப்பையிலும் அரிசிப் பானைக்குப் பக்கத்திலும்தான் அது இருக்கும்.

அடுத்தது நேரம். கார்டிசால் ரத்தம் காலை 8-லிருந்து 9-க்குள் என்பது நகரத்தில் இருப்பவருக்குச் சுலபம். பேரணாம்பட்டு மலையோரத்தில் இருப்பவள் முதல் பஸ் பிடித்தாலும் வேலூர் வந்து சேரப் பத்து ஆகிவிடும். மேற்கு வங்காளத்திலிருந்து ரயிலேறி நம் ஊருக்கு வைத்தியம் பார்க்க வருகிறார்கள். நம் கிராமத்துப் பெண்ணுக்கு ஒரு காலை நேர ரத்தம் கொடுக்க வழியில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எட்டரைக்குள் எடுத்து, நேரத்தை எழுதி, மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தனியார் நிலையத்தார் ரத்தம் எடுத்த நேரத்தைப் பெரிதாக அச்சடியுங்கள். மாலையில் எடுத்த ரத்தத்தைக் காலை அளவோடு ஒப்பிட்டுக் "குறைவு" போடாதீர்கள். டாக்டர் எழுதாமல் முகாமில் இந்தச் சோதனையை விற்பதை விட்டுவிடுங்கள். மருந்துக்கடைக்காரர்களுக்கும் இந்த மடல் போய்ச் சேர்ந்தால் நல்லது: அந்த வெள்ளை மாத்திரை சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து.

அக்கா மூன்று வருஷமாக ஹைட்ரோகார்டிசோன் சாப்பிட்டு, டாக்டர் சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். இளைப்புக்கு இப்போது இன்ஹேலர். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி வந்தால் உடனே ஊசி என்று தமிழில் எழுதிய காகிதம் அந்தச் சுருக்குப்பையில்தான் இருக்கிறது. போன மாதம் முந்தின நாளே காட்பாடிக்கு வரவழைத்து, டாக்டர் சொன்னபடி மாத்திரையை நிறுத்தி, காலை 8.05-க்கு நானே ரத்தம் எடுத்தேன். 11.4 வந்தது. சுரப்பி எழுந்துவிட்டது என்றார் டாக்டர்.

இப்போது எழுநூறு பீடி சுற்றுகிறாள். திண்ணையில் கூட உட்காரும் பெண்களிடம், "நீ வெள்ள மாத்திர துன்றியாடி? எத்தினி வருஷமா?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டிருக்கிறாள். இரண்டு பேர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருத்திக்கு 46, இன்னொருத்திக்கு 51. இரண்டு பேருக்கும் படபடப்பு, இரண்டு பேரும் வயசுக் கோளாறு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மாத்திரையைத் திடீரென்று விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை அவர்களை உங்களில் ஒருவரிடம் அழைத்து வருகிறேன். அட்டைகள் என் கைப்பையில் இருக்கும்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர் ஒருத்தி